தொளதொள ஹெல்மெட் தலையைக் காக்குமா?

வ. புதுப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பைக்கில் போகிறவர்கள் பலர், "புழுக்கமா இருக்கு வைத்தியரே" என்று ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்டாக வாங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். போலீசுக்காக மாட்டினால் போதுமா? கீழே விழும்போது தொளதொள ஹெல்மெட் கழன்று ஓடிவிடும். தலை முதல் கழுத்து வரை 25 வர்மங்கள் என்கிறது சித்த மருத்துவம்.

புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தையல் டேப்பை வைத்து, பின்மண்டைப் புடைப்போடு சுற்றி அளந்து பாருங்கள். 58 செ.மீ. வந்தால் 580 மி.மீ. என்று போட்டிருப்பதை எடுங்கள். கன்னம் லேசாக அமுங்கணும். ஹெல்மெட்டை அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே நகரணும். புது மெத்தை போகப்போகத் தளரும். ஆனால் கால் மணி நேரத்தில் நெற்றி வலித்தால் அது உங்களுக்கு ஆகாது. வாரை மாட்டியபின் பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்குங்கள். கழன்று வந்தால் வாங்காதீர்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலா? முடி நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள், மெத்தை நாறாது.