மகாசபையும் சமபந்தியும்

திசையன்விளைப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் வருடாந்தர மகாசபைக்குச் சென்றிருந்தேன். வரவு செலவு வாசிக்கப்பட்டது. பஞ்சாயத்தார் தேர்தலும் ஒழுங்காய் நடந்தேறியது. உணவுக்கு எழுந்தபொழுது இலைகள் இரண்டு இடங்களில் இடப்பட்டிருந்தன. பனையேறும் அங்கத்தினர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, எல்லாருக்கும் வோட்டு ஒன்றுதான் என்றீர்கள், பந்தி மட்டும் ஏன் இரண்டு?" என்று வினவினார். அன்று நான் தக்க விடை கூறினேனல்லேன். அவ்விடையே இப்பாடம்.

தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922-ஆம் ஆண்டில் குருகுலம் ஒன்றை நிறுவினார். கல்வியோடு கைத்தொழிலும் தேசபக்தியும் பயிற்றுவதே அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் உதவ இசைந்து, அதில் 5,000 ரூபாய் அளித்தது. ஆயினும் பிராமணச் சிறுவர் சிலருக்கு அங்கே தனியே உணவு இடப்பட்டது. பொதுப் பணம் பெற்ற இடத்தில் தனிப் பந்தி கூடாதென்று வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் கண்டித்தனர். பெற்றோர் விருப்பத்தை மீறலாகாதென்பது ஐயர் தரப்பு வாதம். பூசல் மாகாணமெங்கும் பரவியது. 1925-இல் ஐயர் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதம், பாபநாசத்து அருவியில் விழுந்த தம் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார். நல்லோர் நல்லெண்ணத்துடன் நிறுவிய நிலையமும் ஓர் இலை விலகியதால் நிலைகுலைந்தது.

இதனின்று நாம் அறிவது யாது? உணவில் வேற்றுமை வேறு. இடத்தில் வேற்றுமை வேறு. ஒருவர் புலால் உண்ணாதிருக்கலாம், மற்றொருவர் நோன்பிருக்கலாம். அவற்றை மதித்தல் மரியாதை. பிறப்பினால் ஒருவரை அப்பால் உட்காரச் சொல்லுதலோ அவமதிப்பு. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் தொழிலாளர் தொடங்கிய சங்கம், ஆளுக்கு ஒரு வோட்டு என்றும், சமய வேற்றுமை பாராட்டலாகாதென்றும் விதித்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 17-ஆம் விதியும் தீண்டாமையை ஒழித்துவிட்டது.

ஆகவே மகாசபை விருந்தில் ஒரே சமையல், ஒரே பந்தி, வந்த வரிசையில் இடம் என்பதை வழக்கமாக்குக. யாவரும் உண்ணத்தக்க மரக்கறி உணவே அதற்கு ஏற்றது. உண்ணும்பொழுது சமயத்தைப் பற்றியும் ஊர் வழக்கங்களைப் பற்றியும் தாராளமாகப் பேசலாம். ஆனால் பிறர் சமயத்தின் குறையை விடுத்து, தம் சமயம் தம்மிடம் கோரும் கடமையை ஒவ்வொருவரும் கூறுக. அப்பால் உட்கார்த்தப்பட்டவன் செவியில் சமத்துவப் பேச்சு ஏளனமாகவே ஒலிக்கும். அருகில் உட்கார்ந்தவனோ எதிர்வாதமும் கூசாமல் சொல்லுவான்.

ஒருநாள் விருந்தால் சாதி ஒழிந்துவிடாது. மறுநாள் கடன் மனுக்களைப் பரிசீலிக்கையில் அதே நேர்மை விளங்குகிறதா என்பதே சோதனை.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்:

1. நமது சங்கத்தின் சென்ற விருந்தில் யார் எங்கே உட்கார்ந்தனர்?

2. உண்ணாமலே வீடு திரும்பிய அங்கத்தினர் உளரா? காரணம் யாது?

3. அடுத்த மகாசபையில் முதல் பந்திக்கு அவர்களை அழைத்து வரும் பொறுப்பு யாருடையது?