நுண்ணோக்கியில் பார்க்கப் பழகுவோம்: ஒரு வெங்காயச் சவ்வு போதும்

ஆய்வகத்தில் கூட்டு நுண்ணோக்கி முன் முதன்முதலாக உட்காருபவர்கள், இருப்பதிலேயே நீளமான லென்ஸைத்தான் உடனே திருப்பி வைப்பார்கள். பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு. தெரிவது மங்கல்தான், சில நேரம் ஸ்லைடும் உடையும். சிறிய லென்ஸில் தொடங்குவதும் ஒளியை அளவோடு விடுவதும் கைவந்தால் மற்றதெல்லாம் எளிது.

பாகங்கள்

கண் வைத்துப் பார்ப்பது கண்ணருகு லென்ஸ். பெரும்பாலும் 10 மடங்கு. கீழே சுழலும் வட்டில் 4, 10, 40 மடங்குப் பொருளருகு லென்ஸ்கள் இருக்கும். மருத்துவ ஆய்வகக் கருவிகளில் 100 மடங்கும் உண்டு. பொருளருகு லென்ஸ் தரும் பிம்பத்தைக் கண்ணருகு லென்ஸ் மீண்டும் பெரிதாக்குவதால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 10 × 40 = 400 மடங்கு.

ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் டயாஃப்ரமும் உள்ளன. அதற்கும் கீழே விளக்கு அல்லது கண்ணாடி. பக்கவாட்டுத் திருகுகளில் பெரியது வேகமாக நகர்த்தும்; சிறியது நூலிழை அளவு நகர்த்தும்.

செய்முறை

1. வெங்காயத்தை நான்காக வெட்டி, சதைப்பற்றான ஓர் இதழைப் பிரியுங்கள். அதன் குழிந்த பக்கத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை இடுக்கியால் உரித்து உடனே தண்ணீரில் போடுங்கள், காய்ந்தால் சுருண்டுவிடும்.

2. ஸ்லைடில் ஒரு சொட்டு நீர்த்த அயோடின் கரைசல் விட்டு, சிறு துண்டுச் சவ்வை மடிப்பில்லாமல் பரப்புங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் தொடவைத்து, ஊசியால் தாங்கியபடி மெதுவாகச் சாய்த்து இறக்கினால் காற்றுக் குமிழி புகாது. வழியும் நீரை வடிதாளால் ஒற்றி எடுங்கள்.

3. கருவியைத் தூக்கும்போது ஒரு கை கைப்பிடியிலும் மறு கை அடிப்பாகத்திலும் இருக்கட்டும். 4 மடங்கு லென்ஸைத் திருப்பி வைத்து ஒளியைச் சரிசெய்யுங்கள். கண்டென்சர் உள்ள கருவியில் கண்ணாடியின் சமதளப் பக்கத்தையும், இல்லாததில் குழிந்த பக்கத்தையும் பயன்படுத்துங்கள். நேரடி வெயிலைக் கண்ணாடியில் விழவிடக் கூடாது, கண்ணைக் கெடுத்துவிடும்.

4. ஸ்லைடை வைத்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தபடியே பெரிய திருகால் லென்ஸையும் ஸ்லைடையும் நெருக்குங்கள். பிறகு கண் வைத்து, இரண்டையும் விலக்கிக்கொண்டே பிம்பத்தைத் தேடுங்கள். கண் வைத்தபடி நெருக்கினால் மோதுவது தெரியாது.

5. பார்க்க வேண்டிய இடத்தை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே 10-க்கும் 40-க்கும் மாறுங்கள். பிம்பம் தலைகீழாகத் தெரிவதால், ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கம் போகும். 4 மடங்கு லென்ஸில் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் அகலப் பரப்பு தெரியும். 40-இல் அரை மில்லிமீட்டர்கூட இராது. ஓரத்தில் இருந்தது காணாமலே போகும்.

6. 40 மடங்கில் சிறிய திருகை மட்டும் தொடுங்கள். லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது.

7. ஐரிஸைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒளி அதிகமானால் செல் விளிம்புகள் கரைந்துபோகும். மிகவும் குறைத்தால் நுண்விவரம் மறையும்.

எல்லாம் சரியாக அமைந்தால், செங்கல் அடுக்கியதுபோல நீண்ட செவ்வகச் செல்களும், அவற்றில் சுவரோரம் ஒதுங்கிய பழுப்பு நிற உட்கருவும் தெரியும். கருப்பு விளிம்புடன் கச்சிதமான வட்டமாகத் தெரிவது செல் அல்ல, காற்றுக் குமிழி.

100 மடங்கு லென்ஸ்

மலேரியாவுக்கு ரத்தத் தடவலைப் பார்ப்பவர்கள் பயன்படுத்துவது இதைத்தான். கவர் ஸ்லிப்பில், அல்லது காய்ந்த தடவலின் மேல் நேராக, ஒரு சொட்டு இம்மெர்ஷன் எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் கண்ணாடியைப் போலவே ஒளியை வளைப்பதால், காற்றில் சிதறிப்போகும் கதிர்களும் லென்ஸுக்குள் சேரும். ஆனாலும் சுமார் 0.2 மைக்ரோமீட்டரைவிட நெருங்கிய இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. பெரும்பாலான வைரஸ்கள் இதில் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

தூசி தெரிகிறதா?

கண்ணருகு லென்ஸைச் சுழற்றுங்கள். தூசியும் சுழன்றால் அது அங்கே இருக்கிறது. ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். பொருளருகு லென்ஸை மாற்றியதும் மறைந்தால் அந்த லென்ஸில்.

துடைக்க லென்ஸ் தாளையே பயன்படுத்துங்கள். சட்டை நுனி கீறல் போடும். எண்ணெயை அன்றே துடைத்துவிட்டு, 4 மடங்கு லென்ஸைக் கீழ்நோக்கி வைத்து உறை போடுங்கள். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் அவசியம்.

பிம்பம் தெளிவாக இல்லையென்றால் பெரிய லென்ஸுக்குத் தாவாதீர்கள். முதலில் ஒளியை மாற்றிப் பாருங்கள், அடுத்து லென்ஸைத் துடையுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.