விட்சருக்குப் பிறகு விறகு பொறுக்காதீர்கள்

‘தி விட்சர் 3’ மாதிரி ஒரு விளையாட்டை முடித்த கையோடு, “இதே மாதிரி வேற என்ன இருக்கு?” என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் எல்லோரும் பதில் சொல்வார்கள். ஆனால் அது விளையாட்டைப் பற்றிய பதிலாக இருக்காது. உங்களைப் பற்றி அவர்கள் என்ன நினைத்து வைத்திருக்கிறார்களோ, அதுதான் விளையாட்டுப் பெயராக வெளியே வரும்.

என் ஊர் கோபிநத்தம். காவிரி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டி, பாலாற்றுக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவே இருக்கிற தமிழ் பேசும் ஊர். 1997 வரை மைசூர் மாவட்டம், பிறகு சாமராஜநகர். வெளியில் ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் கை தானாக மீசைக்குப் போகும். “வீரப்பன் ஊரா?” என்பார்கள். ஆமாம். அதற்குமேல் எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவுமே இல்லை என்பது அவர்கள் முடிவு.

இந்த முடிவுதான் என் பணத்தைத் தின்றது.

விட்சர் 3 போலந்துக்காரர்கள் எடுத்தது, 2015இல் வந்தது. ஜெரால்ட் என்கிற நரைமுடிக்காரன் இரண்டு வாளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் கூலிக்குப் பூதம் வேட்டையாடுவான். மூலக் கதை, அதன்பின் வந்த இரண்டு கூடுதல் கதைகள் எல்லாம் முடிந்து, கடைசியில் தன் திராட்சைத் தோட்டத்து வீட்டில் நின்று நம்மைப் பார்த்து லேசாகச் சிரிப்பான். ‘போதும், போய்ப் பொழப்பைப் பாரு’ என்று சொல்வது போல இருக்கும். அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கவே பிடிக்காது. முடித்தவர்களுக்குத் தெரியும், இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் மைசூரில் வேலை பார்க்கும் என் மாமா பையன் போன் செய்தான். “மச்சான், நீ காட்டுக்காரன். உனக்குன்னே ஒரு கேம் இருக்கு. இன்னைக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுது. உன் ஸ்டீம் கணக்குல நானே வாங்கிப் போட்டுடறேன், பணத்தை அப்புறம் அனுப்பு.” அனுப்பினேன். ஆஃபர் போகவும் ஆயிரத்துக்கு மேல்.

அது என்ன விளையாட்டு என்று பெயர் சொல்லப்போவதில்லை. அந்த வகையில் நூறு இருக்கின்றன. நடுக்காட்டில் உங்களை வெறுங்கையோடு விடுவார்கள். நீங்கள் சுள்ளி பொறுக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும், கோடாலி செய்து மரம் வெட்ட வேண்டும், குடிசை போட வேண்டும், இருட்டுவதற்குள் தீ மூட்ட வேண்டும். ராத்திரி மிருகம் வரும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ராத்திரி மிருகம் வரும். சோளக்கொல்லைக்கு யானை வந்தால் ஊரே தகரம் தட்டிக்கொண்டு ஓடும். விறகுக்குக் காட்டுக்குள் போனால் காட்டிலாகாக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பெங்களூரு அடுக்குமாடியில் இருப்பவன் காசு கொடுத்து அனுபவிக்கட்டும், தப்பில்லை. நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? என் ஆயா பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டது: “ஏன்டா, வூட்டுக்கு வெறகு ஒடைக்கச் சொன்னா முதுகு வலிக்குது, பொட்டிக்குள்ள மட்டும் ஒடைக்கிற?”

சரி, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமே என்பீர்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் பணம் திரும்ப வர இரண்டு நிபந்தனைகள்: வாங்கி 14 நாளைக்குள் இருக்க வேண்டும், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இந்த 14 நாள் எப்போது தொடங்குகிறது என்பதைத்தான் மைசூர்க்காரன் யோசிக்கவில்லை. அது வாங்கிய நாளில் தொடங்குகிறது. விளையாட்டு உங்கள் லேப்டாப்பில் வந்து இறங்குகிற நாளில் இல்லை. அவனுக்கு இரண்டும் ஒரே நாள்; பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தால் இறங்கியிருக்கும். நமக்கு அப்படியா? ஊரில் வாட்ஸ்அப் படம் திறக்கவே மேட்டுக்குப் போக வேண்டும். மேட்டூரில் அக்கா வீட்டு வைஃபைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு நேரம் கிடைத்தபோது கெடு எப்போதோ தாண்டியிருந்தது. நான் விறகு பொறுக்கத் தொடங்கும் முன்பே பணம் போய்விட்டது.

ஆகவே முதல் பாடம்: வைஃபை இருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எவ்வளவு பெரிய ஆஃபர் வந்தாலும் போகட்டும். தீபாவளிக்கு ஒன்று வரும், பொங்கலுக்கு ஒன்று வரும்.

இன்னும் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஓஜி என்ற கடையில் 30 நாள் கெடு. விளையாடிப் பார்த்திருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அங்கே நிறுவும் கோப்பையே தனியாக இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், பிறகு நெட்டே வேண்டாம். ஸ்டீமிலும் ஒரு தடவை இறக்கியதை பேக்கப் எடுத்து வைக்க வழி இருக்கிறது. நாள் கணக்கில் இழுக்கும் விளையாட்டுகளுக்கு 2 மணி நேரம் என்பது முன்னுரைக்கே சரியாகப் போய்விடும், அதனால் இலவச மாதிரி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கரண்ட் ஏறி இறங்குவதற்கு என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விட்சரில் உங்களுக்கு இன்னும் மனசில் நிற்கும் இடம் எது? மாமா பையனைக் கேட்டால் வாள் சண்டை என்பான். எனக்கு வெலன்.

வெலன் இரண்டு படைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சேற்று நாடு. ஊருக்கு ஊர் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும். பூதத்தைக் கொன்றால் இத்தனை காசு என்று ஒரு சீட்டு. பக்கத்திலேயே காணாமல் போன புருஷனைத் தேடி ஒருத்தி எழுதிய சீட்டு. ஜெரால்ட் வேலையை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு குதிரை ஏறிவிடுவான். அந்த ஊர்க்காரர்கள் அங்கேயே இருப்பார்கள். தலைக்கு விலை வைத்த வேட்டையும், நடுவில் மாட்டிக்கொண்ட சனமும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. எங்களுக்கு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்த வன அதிகாரி பி. சீனிவாஸ் 1991 நவம்பர் 10 அன்று வீரப்பன் கையால் கொல்லப்பட்டார். 2004 அக்டோபரில் வீரப்பனும் சுட்டுக் கொல்லப்பட்டான். கதை அதோடு முடிந்தது என்று வெளியில் எழுதுகிறார்கள். நாங்கள் அதற்குப் பிறகும் சோளம் விதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்குப் பிடித்தது அந்த ‘அதற்குப் பிறகு’ என்று பிடிபட்டதும், அடுத்து எதை எடுப்பது என்பது சுலபமாகிவிட்டது. கடைக்காரர்கள் காட்டும் ‘இதே வகை’ வரிசையில் அது இல்லவே இல்லை.

எஸ்தோனியாக்காரர்கள் எழுதிய ‘டிஸ்கோ எலிசியம்’ 2019இல் வந்தது. அதில் தனியாகச் சண்டை முறை என்று ஒன்று கிடையாது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்த ஒரு துப்பறிவாளன். மரத்தில் தொங்கும் ஒரு பிணம். தோற்றுப்போன புரட்சியின் குண்டுத் தழும்புகள் இன்னும் சுவரில் இருக்கும் ஒரு துறைமுகப் பேட்டை. அவன் தலைக்குள் 24 திறமைகள் ஆளுக்கொரு குரலில் யோசனை சொல்லிக்கொண்டே இருக்கும். முழுக்கப் பேச்சுதான். கன்னட மீடியத்தில் படித்த எனக்கு அந்த இங்கிலீஷ் மிரட்டியது. ஆனால் 2021இல் வந்த ‘ஃபைனல் கட்’ பதிப்பில் எல்லா வசனத்தையும் பேசிக் காட்டுகிறார்கள், காதில் கேட்டால் பாதி புரிந்துவிடும். பழைய லேப்டாப்பும் தாங்கும்.

அடுத்தது செக் நாட்டிலிருந்து வந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’, 2018. காலம் 1403. ஊரே எரிந்துபோன ஒரு கொல்லன் மகன். மந்திரம் கிடையாது, பூதம் கிடையாது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கும். ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான் நேராகும். இதற்குக் கொஞ்சம் நல்ல லேப்டாப் வேண்டும்.

பெரிய ஒன்றை முடித்ததும் இன்னொரு பெரியதைத் தொடாதீர்கள். நடுவில் சின்னதாக ஒன்று ஆடுங்கள். டொரண்டோவில் இருக்கும் ஒரு தமிழர் முன்னின்று எடுத்த ‘வெண்பா’ 2023இல் வந்தது. மறு வருஷம் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மா, கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். இட்லித் தட்டை எந்தத் திசையில் அடுக்கினால் மேல் தட்டு கீழே இருக்கும் இட்லியை அமுக்காது என்பதுதான் முதல் புதிர். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். என் ஆயா முழுசாக உட்கார்ந்து பார்த்த ஒரே விளையாட்டு இதுதான், அதுவும் குறை சொல்லிக்கொண்டே.

“அப்போ பால்டர்ஸ் கேட் 3?” என்று கேட்காதவர்கள் இல்லை. நல்லதாகவே இருக்கட்டும். அதற்கு 150 ஜிபி இடம் வேண்டும். அதை இறக்கி முடிப்பதற்குள் அக்கா வீட்டுக்காரர் என்னை வெளியே அனுப்பிவிடுவார். நான் அதைத் தொடாதது ரசனை இல்லாததால் அல்ல என்று மைசூரில் சிலருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

விட்சரையே மறுபடி முதலிலிருந்து ஆடலாமா என்றால், இப்போது வேண்டாம். வசனமெல்லாம் நினைவில் இருக்கும்போது ஆடினால் ரசிக்க எதுவும் கிடைக்காது, திருத்தம் போடத்தான் தோன்றும். மறந்த பிறகு போங்கள்.

மாமா பையன் இப்போதும் பட்டியல் அனுப்புகிறான். போன மாதம் அனுப்பியது மான் வேட்டை விளையாட்டு. “மச்சான், மொதல்ல நீ வாங்கி முடி. புடிச்சிருந்தா சொல்லு, அப்புறம் பார்க்கலாம்” என்று பதில் போட்டேன். இன்னும் வாங்கவில்லை.