வியாபாரி சொல் மாறினால்

வெங்காயம் நிலத்தில் நிற்கும்போதே வியாபாரி வந்து விலை பேசி, முற்பணமும் கொடுத்துவிட்டுப் போவது எமது ஊர்களில் வழக்கம். இடம்பெயர்ந்து பிறர் காணியில் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு அந்த முற்பணமே பசளைக்கும் கூலிக்கும் உதவுகிறது. கிண்டும் நாளில் சந்தை விலை விழுந்துவிட்டால் அதே வியாபாரி "வேண்டாம்" என்கிறார். அப்போது நாம் என்ன செய்யலாம்?

"எழுத்தில் இல்லை, ஆகவே வழக்கில்லை" என்று பலர் எண்ணுகிறார்கள். அது முழுவதும் சரியன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, கையொப்பமிட்ட எழுத்து இல்லாவிட்டாலும், வாங்குபவர் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால் அந்த உடன்பாடு செல்லும். நிரூபிப்பதுதான் சிரமம். திகதி, கிலோ, விலை, முற்பணம் ஆகிய நான்கையும் ஒரு துண்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அதைக் குடும்ப அட்டையுடன் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். எத்தனை இடப்பெயர்விலும் அந்த அட்டையை நாம் கைவிடவில்லை அல்லவா?

அடுத்தது மிக முக்கியம். வியாபாரி மீதுள்ள கோபத்தில் வெங்காயத்தை அழுகவிட்டால் முழு விலையையும் கேட்க முடியாது. நட்டத்தைக் குறைக்க நாமும் முயன்றிருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. வியாபாரிக்குச் சாட்சியுடன் அறிவித்துவிட்டு, அன்றைய சந்தை விலைக்கு விற்றுவிடுங்கள். ஓர் உதாரணம்: 1,000 கிலோ, கிலோ 200 ரூபாய் என்று பேச்சு. முற்பணம் 20,000. சந்தையில் கிலோ 140 ரூபாய்க்கே போனது. பேசியது 2,00,000, விற்றது 1,40,000, குறைவு 60,000. கையில் உள்ள முற்பணத்தைக் கழித்தால் கேட்கக்கூடியது 40,000. விற்ற பற்றுச்சீட்டைத் தவறவிட வேண்டாம். விலை ஏறியதும் நாம் வேறொருவருக்குக் கொடுத்தால் இதே கணக்கு எம்மீது திரும்பும்.

பொருளை ஏற்றிச் சென்றபின் காசு தராவிட்டால் விலையையே கேட்டு வழக்கிடலாம். ஆனால் எழுத்தில்லாமல் கொடுத்த பொருளின் விலைக்குத் தவணை ஒரு வருடம் மட்டுமே. எழுத்துமூல ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். இடம்பெயர்ந்திருந்தோம் என்பதற்காக இக்காலம் நின்றுவிடாது. "அடுத்த போகம் தருகிறேன்" என்பவரிடம் கடன் உண்டென்று எழுதிக் கையொப்பம் வாங்கினால் காலம் புதிதாகத் தொடங்கும்.

சிறு தொகைப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்கே செல்லவேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபையில் சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் அங்கு தரும் சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். போகும்போது அந்தப் பொலித்தீன் பையையும் கொண்டு செல்லுங்கள்.