போர்முனை உணவும் வெள்ளக்காலக் கையிருப்பும்

கல்கத்தா மாநகரின் தென்மேற்கில், டைமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் பரந்துள்ள பெஹாலா ஒரு தாழ்வான நிலப்பகுதி. இங்கு பெய்யும் மழைநீர் சுரியல், மணிகாலி முதலிய கால்வாய்களின் வழியே ஹூக்ளி ஆற்றைச் சென்றடைய வேண்டும். ஆற்றில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் மதகுகளைத் திறக்க இயலாது. ஆகவே நீர் தெருக்களிலேயே தேங்கி நிற்கும். 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் கல்கத்தாவை மூழ்கடித்த பெருவெள்ளத்தை அப்பகுதி முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். 1984-இல் பெஹாலா கல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பின்னர் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் வடிகால் பணிகளும் மேற்கொள்ளப்பட்டன. எனினும் நீர் தேங்கும் வழக்கம் முற்றிலும் அகன்றுவிடவில்லை.

2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அம்பன் புயல் தாக்கியபோது இக்கட்டுரையாளர் பணி நிமித்தம் பெஹாலாவில் குடியிருந்தார். மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீர் ஏறவில்லை. மூன்றாம் நாள் நிவாரணப் பொட்டலங்கள் வந்தன. அவற்றில் அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவை இருந்தன. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் வாழ்ந்த குடும்பத்தின் அடுப்பும் பாத்திரங்களும் சேற்றில் கிடந்தன. அந்த வீட்டு மூதாட்டி அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்திருந்த காட்சி மறக்கத்தக்கதன்று. அரிசி இருந்தது, அதைச் சோறாக்கும் வழிதான் இல்லை.

நமது நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஏற்பாடுகள் யாவும் தானியக் கிடங்கை மையமாகக் கொண்டவை. கிடங்கில் உள்ள தானியத்திற்கும் வாயில் இடும் கவளத்திற்கும் இடையே எரிபொருள், நன்னீர், பாத்திரம், உலர்ந்த இடம் ஆகிய நான்கும் தேவைப்படுகின்றன. பேரிடரின் முதல் மூன்று நாட்களில் மறைந்துவிடுபவை இந்த நான்குமே. இதே நிலைமையை அன்றாடம் எதிர்கொள்ளும் ஓர் அமைப்பு நாட்டில் உண்டு. அது இராணுவம். அடுப்பு மூட்ட முடியாத இடத்தில் படைவீரன் எதை உண்கிறானோ, அதையே வெள்ளத்தில் சிக்கிய குடிமகனுக்கும் அளிக்கலாமா என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

கெடாமையின் அடிப்படை

உணவைக் கெடாமல் வைக்கும் நவீன முறைகளின் தோற்றமே போரோடு பிணைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அரசு, படைகளுக்கான உணவைப் பாதுகாக்கும் வழி கண்டுபிடிப்போருக்குப் பரிசு அறிவித்தது. நிக்கோலா அப்பேர் என்பவர் உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்து அதைச் சாதித்து, 1810-இல் தமது முறையை நூலாக வெளியிட்டார். நுண்ணுயிர்கள் பற்றிய பாஸ்டரின் விளக்கம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. காரணம் தெரியாமலேயே காரியம் கைகூடிற்று.

உணவு கெடாதிருக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, நுண்ணுயிர் வளரத் தேவையான ஈரத்தை நீக்குவது. நமது அவல், பொரி, வற்றல், சத்துமாவு, பொரிவிளங்காய் உருண்டை ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. இந்திய வீரர்களுக்கு வழங்கப்படும் சக்கர்பாரா என்னும் இனிப்புத் துண்டும் இவ்வகையே. இரண்டாவது, ஈரத்தை அப்படியே விட்டு, காற்றுப் புகாத உறையில் அடைத்து, அழுத்தத்தின் கீழ் ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நுண்ணுயிர்களையும் அவற்றின் வித்துக்களையும் அழிப்பது. முன்னர் இதற்குத் தகரப் பெட்டி பயன்பட்டது. இப்போது பாலியெஸ்டர், அலுமினியத் தகடு, பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றை ஒன்றாக ஒட்டிய மெல்லிய உறை பயன்படுகிறது. உறை மெல்லியதாக இருப்பதால் வெப்பம் நடுப்பகுதியை விரைவில் அடைகிறது. சுவையும் அவ்வளவாகக் குன்றுவதில்லை. அமெரிக்கப் படையினர் 1980-களின் தொடக்கத்தில் தகரப் பெட்டியைக் கைவிட்டு இவ்வகை உறைக்கு மாறினர்.

நமது நாட்டில் 1950-இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961-இல் பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடமும் மைசூரில் நிறுவப்பட்டன. பின்னது தொடங்கப்பட்ட மறு ஆண்டே சீனப் போர் மூண்டது. பனிமலை உச்சியில் பருப்பு வேகாது என்ற எளிய உண்மையை அப்போது நாடு முழுவதும் உணர்ந்தது. உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதே இதற்குக் காரணம். அக்கூடத்தின் ஆய்வுகளால் மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி, உறையில் அடைத்த புலாவ், விரைவில் வேகும் பருப்பு வகைகள் போன்றவை உருவாயின. 2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தின்போதும், 2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தின்போதும் மைசூரிலிருந்து ஆயத்த உணவுப் பொட்டலங்கள் அனுப்பப்பட்டதை வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

வீரனும் குடிமகனும்

இருப்பினும் படைவீரர் உணவை அப்படியே எடுத்துக் குடிமக்களுக்கு வழங்குவது சரியாகாது. அது இருபது வயதுடைய, உடல்நலம் மிக்க, கடும் உழைப்பில் ஈடுபட்ட ஆடவனுக்கென வகுக்கப்பட்டது. அமெரிக்கப் படைவீரரின் ஒரு வேளைப் பொட்டலமே சுமார் 1,250 கலோரி தரவல்லது. அகதிகளுக்கும் பேரிடரால் பாதிக்கப்பட்டோருக்கும் பன்னாட்டு நெறிமுறைகள் வகுத்துள்ள அளவோ ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி. வெள்ள முகாமில் இருப்போரில் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், பல்லில்லாத முதியோர், நீரிழிவு நோயாளிகள் எனப் பலரும் உள்ளனர்.

இதற்கு வங்காளத்தோடு தொடர்புடைய ஒரு சான்று வரலாற்றில் உண்டு. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பட்டினியால் நலிந்தோருக்கு அரிசியும் சர்க்கரையும் முதன்மையாக அமைந்த ஒரு கலவை ஊட்டப்பட்டு நற்பயன் கிடைத்தது. 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை ஜெர்மனியின் பெல்சன் வதைமுகாமை விடுவித்தபோது, வீரர்கள் இரக்கம் மேலிட்டுத் தங்கள் போர்முனை உணவையே பட்டினியாளர்களுக்கு அளித்தனர். சுருங்கிப்போன குடல் அதனைத் தாங்கவில்லை. பலர் உண்டதனாலேயே இறந்தனர். பிறகு வங்கப் பஞ்சக் கலவை வரவழைக்கப்பட்டது. அது உயிர்களைக் காத்தபோதிலும், ஐரோப்பிய நாவிற்கு அதன் இனிப்பு ஒவ்வவில்லை. மிளகாய்ப் பொடி வகை ஒன்றைச் சேர்த்த பின்னரே பலரும் ஏற்றுக்கொண்டனர். உடல்நிலை ஒருபுறமிருக்க, பழக்கமும் உணவின் ஒரு கூறு என்பதை ஊட்டச்சத்து மாணவர்களும் மாவட்ட அதிகாரிகளும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

வங்காளத்தின் பழக்கம் யாது? வெள்ளம் வந்தால் சிடே எனப்படும் அவலும் வெல்லமும் என்பது அங்கு தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கு. அம்பன் புயலின்போதும் அரசுப் பொட்டலத்திற்கு முன்னரே தெருமுனை மன்றத்து இளைஞர்கள் கொண்டுவந்தது இதுவே. 300 கிராம் அவலும் 100 கிராம் வெல்லமும் ஏறத்தாழ 1,400 கலோரி தரும். அடுப்பு வேண்டாம், குளிர்ந்த நீர் போதும். ஆனால் அந்த நீர் தூயதாக இருக்க வேண்டும். சாக்கடை கலந்த நீரில் ஊறிய அவல் பசியைத் தீர்த்து வயிற்றுப்போக்கைத் தரும். பொரிக்கு நீரே வேண்டாம் என்றாலும் அது பெரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். படகில் ஏற்றினால் காற்றைத்தான் ஏற்றியதாகும்.

இங்குதான் உறையில் அடைத்த உணவின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. சமைத்த சோற்றின் பெரும்பகுதி நீரே. மலையேறும் வீரனுக்கு இந்த நீரின் எடை ஒரு சுமை. ஆகவே அவனுக்கு உலர் உணவே உகந்தது. வெள்ளத்தில் நிற்பவனுக்கோ அதே நீர் ஒரு கொடை. கிருமி நீக்கிய நீரையும் உணவையும் ஒரே உறை சுமந்து வருகிறது. மென்மையாகவும் இருப்பதால் குழந்தைகளும் முதியோரும் உண்ண இயலும். எனவே பொதுவான கையிருப்பாக அவல், வெல்லம், பிஸ்கட் ஆகியவற்றையும், இவ்விரு பிரிவினருக்கென உறை உணவையும் வைத்துக்கொள்வது பொருத்தமாகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பிஸ்கட்டும் பெஹாலாவிற்கு அயலானதன்று. பெஹாலாவின் வாயிலில் உள்ள தாராதலாவில் 1947-ஆம் ஆண்டு முதல் பிரிட்டானியா தொழிற்சாலை இயங்கிவந்தது. கல்கத்தாவில் 1892-இல் தோன்றிய அந்நிறுவனம் இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்கு பிஸ்கட் வழங்கியே பெருவளர்ச்சி கண்டது. தாராதலா ஆலையில் உற்பத்தி 2024-இல் நின்றுபோனது. அம்மணம் வீசிய சாலையில் நாள்தோறும் பயணம் செய்தவர்களுக்கு அது தனிப்பட்ட இழப்பாகவே தோன்றும்.

செலவுக் கணக்கு

நெடுநாள் கெடாத உணவு என்றால் ஒருமுறை வாங்கிக் கிடங்கில் பூட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. உறையின் மீது அச்சிட்ட ஆயுள், சேமிக்கும் இடத்தின் வெப்பத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் படை உணவு 27 பாகை வெப்பத்தில் மூன்றரை ஆண்டுகள் நிற்கும். 38 பாகையிலோ சில மாதங்களே. மே மாதத்துக் கல்கத்தாவில் தகரக் கூரையின் கீழ் வைத்த சரக்கின் கதி என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். பொட்டலம் ஒன்றின் விலை ரூ.150, ஆயுள் ஓராண்டு, கையிருப்பு ஒரு லட்சம் பொட்டலங்கள், வெள்ளம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வருவதாகக் கொள்வோம். ஆண்டுதோறும் ரூ.1.5 கோடிக்குப் புதிதாக வாங்கிப் பழையதை எறிந்தால், ஐந்தாண்டுச் செலவு ரூ.7.5 கோடி. மக்களைச் சென்றடையும் ஒவ்வொரு பொட்டலத்தின் உண்மை விலை ரூ.750 ஆகிவிடும். இதற்கு மாறாக, ஆயுள் பாதி முடிந்த சரக்கை நாள்தோறும் இத்தகைய உணவை உண்ணும் படைப்பிரிவுகளுக்கும் காவற்படைகளின் பயிற்சி முகாம்களுக்கும் விலைக்கு மாற்றி, அவ்விடத்தில் புதுச்சரக்கை நிரப்பினால் விரயம் இல்லை. முடங்கிய முதலுக்கு 8 விழுக்காடு வட்டி, ஆண்டுக்கு ரூ.12 லட்சம், ஐந்தாண்டிற்கு ரூ.60 லட்சம். வெள்ளத்தில் செலவாகும் சரக்கையும் சேர்த்தால் ரூ.2.1 கோடி, அதாவது பொட்டலத்திற்கு ரூ.210. மாற்றும் போக்குவரத்துச் செலவைக் கூட்டினாலும் வேறுபாடு பெரிதே.

2015-20 காலத்திற்கான பேரிடர் நிவாரண நெறிமுறைகளில், முகாமில் இல்லாத பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ரூ.60, குழந்தைக்கு ரூ.45 என வரையறுக்கப்பட்டிருந்தது. அத்தொகைக்குள் அவலும் வெல்லமும் எளிதில் அடங்கும். உறை உணவு அடங்காது. சுழற்சி முறை இருந்தால்தான் அது எல்லைக்கு அருகிலாவது வரும்.

சரக்குச் சுழற்சிக்கு இரு துறைகள் ஒரே பேரேட்டை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துறையின் கையிருப்பு மற்றொரு துறையின் நுகர்வாகும்போது கணக்கு எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்ற வினாவிலேயே பல நல்ல யோசனைகள் தேங்கிவிடுவதைத் தம் பணிக்காலத்தில் இக்கட்டுரையாளர் பலமுறை கண்டிருக்கிறார். மதகு மூடிய கால்வாய் போன்றதே இதுவும். பெஹாலாவைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. பொதுவாகக் கிடங்குகள் சாலையோரத் தரைத்தளத்தில் அமைகின்றன. நீர் முதலில் புகும் இடம் அதுவே. பள்ளிக் கட்டடங்களின் முதல் மாடியில், காற்றோட்டமான ஓர் அறையில், வங்க மொழியில் நாளும் உண்ணும் முறையும் அச்சிட்ட பெட்டிகளை அடுக்கிவைக்க ஒரு வார்டுக்கு இரண்டு அறைகள் போதும்.