குழந்தைக்கு ஒரு நூல் முயல்

குழந்தை பிறந்த வீட்டிற்கு வெறுங்கையுடன் செல்லும் வழக்கம் நம் கிராமங்களில் இல்லை. சட்டை, சோப்பு, கிலுகிலுப்பை என ஏதேனும் ஒன்றைக் கொண்டுபோகிறோம். கையால் பின்னிய பொம்மை ஒன்றையும் மகளிர் குழுவினர் தாமே செய்து கொடுக்கலாம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர், கிராம சேவிகைகள் மாதர் சங்கங்களில் தையலும் பின்னலும் கற்பித்து வந்தனர். சிறுமியாக இருந்தபோது அங்ஙனம் கற்ற பாட்டி ஒருவரே எங்கள் ஒன்றியத்துக் குழுவொன்றுக்கு இம்முயலைச் சொல்லிக்கொடுத்தார்.

நூல் பருத்தியாக இருத்தல் நலம். கம்பளி நூலின் மயிரிழைகள் உதிர்ந்து குழந்தையின் வாய்க்குள் செல்லும். நம் வெயிலுக்கும் அது ஒவ்வாது. நனைத்த வெள்ளைத் துணியால் நூலைத் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் அதனை விலக்கிவிட வேண்டும். கடைக்காரர் சொல்லும் ஊசியினும் சற்று மெல்லிய ஊசியைக் கொண்டால் பின்னல் நெருக்கமாக அமைந்து, உள்ளிருக்கும் பஞ்சு வெளியே தெரியாது.

ஊசியில் 40 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசைகளையும் ஒரே விதமாகப் பின்னிக்கொண்டு செல்க. வரிசைகளை எண்ண வேண்டியதில்லை. மூலைக்கு மூலை மடித்துப் பார்த்து, ஓரங்கள் பொருந்தினால் சதுரம் முடிந்தது என அறிந்து கண்ணிகளை அடைத்துவிடலாம். பின்னர் சதுரத்தின் குறுக்கே, நட்டநடுவில் ஓரத்திற்கு ஓரம் ஓட்டுத்தையல் இடுக. அதே நூலை மேல் விளிம்பின் நடுப்புள்ளிக்குக் கொண்டுபோய், மறுபுறமாக இறக்கித் தொடங்கிய இடத்தில் சேர்த்தால் முக்கோணம் ஒன்று கிடைக்கும். அதனுள் பஞ்சை வைத்து நூலைச் சுண்டி இழுத்தால் முக்கோணம் உருண்டு தலையாகும். மேல்மூலைகள் இரண்டும் தாமே காதுகளாக நிமிரும். முதன்முறை இதனைக் கண்ட பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள், நாமும்தான். கீழ்ப்பாதியின் இரு ஓரங்களை முதுகுப்புறம் சேர்த்துத் தைத்து, பஞ்சடைத்து, அடிவிளிம்பைச் சுருக்கிக் கட்டினால் உடலும் ஆயிற்று.

இலவம்பஞ்சு நம் ஊர்ப்பொருளே. ஆயினும் நனைந்தால் கட்டிதட்டிப்போய், உலர நாளாகும். அடிக்கடி துவைக்க நேரும் பொம்மைக்குப் பாலியெஸ்டர் பஞ்சே ஏற்றது.

கண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுக் குழந்தைக்குப் பொத்தான் கண் வைத்த பொம்மை ஒன்றை அழகென்று எண்ணி நாமே வாங்கிக் கொடுத்தோம். எட்டு மாதக் குழந்தை அப்பொத்தானைக் கடித்துப் பிடுங்கிவிட்டது. அதன் பாட்டி வாயில் விரல்விட்டு எடுத்திராவிடில் என்ன ஆகியிருக்குமோ! ஆகவே கண், மூக்கு யாவற்றையும் கறுப்பு நூலால் தைத்தே காட்டுக. மணி, பொத்தான், நாடா ஒன்றும் வேண்டா. வாலுக்கு நூற்குஞ்சம் கட்டுவதும் கூடாது. இழை இழையாகப் பிரிந்துவரும்.

விற்க எண்ணும் குழுக்கள் ஒன்றை அறிய வேண்டும். பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தர முத்திரை அவசியம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தாமே செய்து விற்பனவற்றிற்கு 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்தது. எனவே முதலில் பதிவு, பிறகே கடை.

பரிசளிக்கும்போது தாயிடம் ஒரு சொல் சொல்லிவிடுக: ஒரு வயது நிரம்பும்வரை, குழந்தை உறங்கும் தொட்டிலில் இம்முயலைப் போட்டு வைக்கலாகாது, முகத்தின்மேல் விழுந்தால் மூச்சை அடைக்கும். விழித்து விளையாடும்போது மட்டும், பெரியவர் ஒருவர் அருகிருக்கக் கொடுக்கலாம்.