தக்காளி விலையைப் பார்த்து நாற்று விடலாமா?

விலை ஏறியதும் ஊரெல்லாம் தக்காளி நாற்று விடுவதும், காய் பழுக்கும் சமயத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விடுவதும் விவசாயிகள் அறிந்ததே. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, செப்டம்பரில் அடிமட்ட விலைக்கு வந்துவிட்டது.

இதற்கு ஒரு முக்கிய காரணம், சந்தையில் தெரியும் தேவை உண்மைத் தேவையாக இல்லாததே. உதாரணமாக, ஒரு கடையில் தினம் 10 பெட்டி விற்பதாக வைத்துக்கொள்வோம். வரத்து குறைந்ததும், கேட்டது கிடைக்காதோ என்று அஞ்சி, கடைக்காரர் 2 மண்டிகளில் தலா 12 பெட்டி சொல்லி வைக்கிறார். மண்டிக்காரர்கள் ஆளுக்கு 15 பெட்டி கேட்கிறார்கள். 10 பெட்டித் தேவை, தோட்டத்துக்கு வரும்போது 30 ஆகிவிடுகிறது. ஆனால் சாப்பிடுவோர் கூடவில்லை. வரத்து சீரானதும் இந்தக் கூடுதல் தேவை மறைந்துவிடும்.

நாற்று விட்டு முதல் பறிப்புக்கு ஏறத்தாழ 3 மாதம் ஆகும். அதுவரை இன்றைய விலை நிற்காது. ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. விலையோடு வரத்தையும் விசாரிக்கவும். உழவர் சந்தையிலும் சில்லறைக் கடைகளிலும் தினம் எவ்வளவு விற்றுத் தீர்கிறது என்று கேட்டறியவும்.

2. அக்கம்பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் எவ்வளவு நாற்று போகிறது என்று பார்க்கவும். அதிகம் போனால், நடும் பரப்பைக் குறைக்கவும்.

3. ஊரில் தக்காளி போடுவோர் கூடிப் பேசி, நடவை 15 நாள் இடைவெளியில் பிரித்துக்கொள்ளவும். 1 ஏக்கர் நடுபவர் மூன்று பாகமாக நட்டால், ஒரு பாகத்துக்கு விலை விழுந்தாலும் அடுத்தது கைகொடுக்கலாம்.